கையெழுத்து யாருடையது, கணக்கு யாருடையது: திருப்பூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் வெள்ளகோவில் பக்கத்துக் கிராமத்துக்காரர். அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். அம்மா அதே தறிக்குடோனில் தார் சுற்றுகிறார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் வணிகவியல் பிரிவு படித்து 2016-ல் பிளஸ் டூ முடித்தார். பிறகு தினமும் பஸ்ஸில் போய் வந்து திருப்பூரில் பி.காம். 2019 ஜூனில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் உதவியாளர் வேலை, மாதம் 9,000 ரூபாய். இன்றைக்கு அவர் சி.எம்.ஏ. முடித்த காஸ்ட் அக்கவுண்டன்ட், அதாவது பொருளின் அடக்கவிலையைக் கணக்கிடுகிறவர். பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் காஸ்டிங் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு.

அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் சி.ஏ. (சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்) முடித்துத் திருப்பூரில் ஆடிட்டராகத் தொழில் செய்பவன். அவர் முதலில் வேலை பார்த்த கம்பெனியின் வரித் தணிக்கை எங்கள் அலுவலகத்தில்தான் நடந்தது, அந்த வகையில் பழக்கம். எனவே சி.ஏ. பக்கம் எனக்கு ஒரு சாய்வு இருக்கும் என்று வைத்துக்கொண்டே படியுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு: சி.ஏ. முடிக்க முடியாதவன்தான் சி.எம்.ஏ. பக்கம் போவான் என்று. இவர் விஷயத்தில் அது பொய். அவர் எடுத்த முடிவுக்கு வேறு காரணங்கள் இருந்தன. அதில் பாதி வீட்டு நிலைமை, மீதி சட்டம்.

2021: வீட்டுக் கணக்கு

அப்போது அவருக்குச் சம்பளம் 14,000. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு அதில் பாதி போய்விடும். சி.ஏ.வுக்கு ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல் என்று மூன்று கட்டத் தேர்வு. பி.காமில் 55 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக சி.ஏ. இன்டருக்குப் பதிய முடியும். ஆனால் அன்றைய விதிப்படி நேரடியாக வருகிற பட்டதாரி முதலில் ஆர்ட்டிகிள்ஷிப்பில், அதாவது ஒரு ஆடிட்டரிடம் பயிற்சியில் சேர்ந்து, ஒன்பது மாதம் முடித்த பிறகுதான் இன்டர் தேர்வே எழுதலாம். மொத்தப் பயிற்சி மூன்று வருடம், உதவித்தொகை மாதம் சில ஆயிரம். பயிற்சிக் காலத்தில் வேறு வேலை பார்க்கவும் முடியாது. பட்டதாரி என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு ஃபவுண்டேஷனிலிருந்து தொடங்கினால், இன்டர் வரைக்கும் வேலையை விடாமல் போகலாம். அந்தச் சுற்றுவழியையும் அவர் யோசித்துப் பார்த்தார். எப்படிப் போனாலும் மூன்று வருட ஆர்ட்டிகிள்ஷிப் முன்னால் நிற்கும் என்று விட்டுவிட்டார்.

சி.எம்.ஏ.வில் பட்டதாரி நேரடியாக இன்டருக்குப் பதியலாம், வேலையை விட வேண்டியதில்லை, ஜூன், டிசம்பர் என வருடத்துக்கு இரண்டு தேர்வு. பயிற்சிக் காலத்தையும் வேலையோடு சேர்த்துக் கழிக்க வழி இருந்தது.

பதிவதற்கு முன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஆடிட்டருங்க, இதப் படிச்சா எம் பையனும் உங்களாட்டம் கையெழுத்துப் போடுவானுங்ளா?"

வருமான வரித் தணிக்கை அறிக்கையில் போட முடியாது என்று சொன்னேன். அன்றைய வருமான வரிச் சட்டத்தின் 44ஏபி பிரிவின்படி அந்தக் கையெழுத்து சார்ட்டர்டு அக்கவுண்டன்டுக்கு மட்டும். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பையன் மட்டும் கேட்டார்: "ஜி.எஸ்.டி.யில போடலாமில்லீங்க சார்?"

அந்த வருடம்தான் அதற்கும் வழி அடைபட்டது. ஜி.எஸ்.டி. வந்த 2017-லிருந்து, குறிப்பிட்ட விற்றுவரவுக்கு மேல் போன தொழில்கள் தங்கள் கணக்கை சி.ஏ. அல்லது காஸ்ட் அக்கவுண்டன்ட் ஒருவரிடம் தணிக்கைக்குக் கொடுத்து, 9சி படிவத்தில் சான்று வாங்க வேண்டும் என்றிருந்தது. சி.எம்.ஏ. முடித்துத் தனியாக அலுவலகம் வைத்தவர்களுக்குத் திருப்பூரில் நிலையான வருமானம் என்று சொல்ல இருந்தது அது ஒன்றுதான். 2021 நிதிச் சட்டம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. 2020-21 நிதியாண்டிலிருந்து முதலாளியே சுயமாகச் சான்று கொடுத்தால் போதும். இதையும் அவரிடம் சொன்னேன். இருந்தும் பதிந்தார். "கையெழுத்து பின்னால பாத்துக்கலாமுங்க சார், எனக்குக் காஸ்டிங் புடிச்சிருக்கு" என்றார்.

196

முதல் முயற்சியில் சி.எம்.ஏ. இன்டரின் இரண்டு குரூப்பில் முதலாவதை மட்டும் எழுதினார். நாலு தாள். ஒவ்வொன்றிலும் 40 எடுக்க வேண்டும், நாலும் சேர்ந்து 200 வர வேண்டும். வந்த மதிப்பெண்கள்: சட்டம் 42, நிதிக் கணக்கியல் 47, வரி 49, காஸ்ட் அக்கவுண்டிங் 58. கூட்டினால் 196.

ஒரு தாளில்கூடத் தோல்வி இல்லை, ஆனால் குரூப் போச்சு. 60 எடுத்த தாளுக்கு அடுத்த முறை விலக்கு கிடைக்கும், அதற்கும் காஸ்ட் தாளில் இரண்டு மதிப்பெண் குறைவு. ஆக நாலையும் திரும்ப எழுத வேண்டும்.

மதிப்பெண் தாளைக் கொண்டுவந்தபோது எவ்வளவு நேரம் எந்தப் பாடத்துக்குப் போனது என்று கேட்டேன். பாதிக்கு மேல் சட்டத்துக்கு. காரணம் இங்கிலீஷ். தேர்வை இங்கிலீஷிலோ இந்தியிலோதான் எழுத முடியும். பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு என்று தமிழில் படித்த பையனுக்குக் கணக்குப் போடுவதில் சிக்கல் இல்லை. 'விவாதிக்க' என்று முடிகிற சட்டக் கேள்விதான் பயம். அந்தப் பயத்தில் பிரிவு பிரிவாக மனப்பாடம் செய்திருக்கிறார். காஸ்ட் பாடம் "தெரிஞ்சதுதானேங்க" என்று கடைசி வாரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

இது பல மாணவர்கள் செய்கிற கணக்கு. எங்கள் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிற பசங்களும் இதையேதான் செய்கிறார்கள். சி.ஏ.விலும் தாளுக்கு 40, குரூப்புக்குப் பாதி என்பதுதான் விதி. இந்த விதி பலவீனமான தாளிடம் 40-ஐத்தான் கேட்கிறது. மிச்சத்தை எங்கே வேண்டுமானாலும் சேர்த்துக்கொள் என்று விட்டுவிடுகிறது. சட்டத்தில் 42-ஐ 50 ஆக்க அவர் படுகிற பாட்டில் பாதி போதும், காஸ்டில் 58-ஐ 72 ஆக்க. கூடவே விலக்கும் கிடைக்கும், அதாவது அடுத்த முறைக்கு இன்சூரன்ஸ்.

இரண்டாம் முறை சட்டம் 44, கணக்கியல் 53, வரி 58, காஸ்ட் 74. மொத்தம் 229. சட்டம் இரண்டே மதிப்பெண்தான் ஏறியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மற்றபடி அவர் படித்த விதத்தில் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் நாலரைக்கு எழுந்து ஆறரை வரை. சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடிய ராத்திரி ஒன்பது ஆகும், அன்றைக்குப் புத்தகத்தைத் தொட முடியாது. மாதத்தில் 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ம் தேதி 3பி என்று ஜி.எஸ்.டி. படிவங்கள் தாக்கல். அந்த நாட்களும் போச்சு. இந்தத் தேதிகளை விட்டுவிட்டு மீதியில்தான் அட்டவணை போட்டார்.

ஐந்து கிராம்

அவருடைய படிப்புக்கும் வேலைக்கும் நடுவே இருந்த சுவர் உடைந்தது ஒரு டி-சர்ட்டில். இந்த இடத்தை விரிவாகவே சொல்ல வேண்டும்.

கம்பெனியில் எந்த ஆர்டர் வந்தாலும் முதலில் ஒரு காஸ்டிங் ஷீட் போடுவார்கள். ஒரு பீஸுக்கு எவ்வளவு நூல் வேண்டும் என்பதுதான் அதன் ஆணிவேர். 180 ஜி.எஸ்.எம். துணியில் வட்டக் கழுத்து டி-சர்ட் என்று வைத்துக்கொள்வோம். உடல் நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 6. மொத்தம் 100. மார்பு அகலம் 52, தையலுக்கு 2, முன்பக்கம் பின்பக்கம் இரண்டுக்குமாகச் சேர்த்து 108. ஆக 1.08 சதுர மீட்டர் துணி. சதுர மீட்டருக்கு 180 கிராம் என்றால் 194.4 கிராம்.

இதுவரை தகராறு இல்லை. கட்டிங்கில் 12 சதவீதம் வேஸ்ட், நூல் நிட்டிங்கில் துணியாகி, சாயம் ஏறி, காம்பாக்டிங் (துணியை அழுத்திச் சீராக்குவது) முடிந்து வருவதற்குள் 8 சதவீதம் எடை இழப்பு. ஷீட்டில் வருடக்கணக்காக என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றால், 194.4-உடன் 12 சதவீதத்தைக் கூட்டி, வந்ததோடு 8 சதவீதத்தைக் கூட்டினார்கள். விடை 235 கிராம்.

அந்தச் சமயம் அவர் புராசஸ் காஸ்டிங் பாடத்தில் இருந்தார். இயல்பான இழப்பு என்பது உள்ளே போடுகிற அளவின் சதவீதம். வெளியே வருகிற அளவின் மேல் அதைக் கணக்கிடக் கூடாது. 100 கிலோ நூல் போனால் 92 கிலோ துணி வரும். அப்படியானால் துணியின் எடையை 0.92-ஆல் வகுக்க வேண்டும், 8 சதவீதத்தைக் கூட்டினால் போதாது. கட்டிங்குக்கும் அப்படியே, 0.88-ஆல் வகுக்க வேண்டும். இப்படிப் போட்டால் 240 கிராம்.

வித்தியாசம் பீஸுக்கு 5 கிராம். 50,000 பீஸ் ஆர்டரில் சுமார் 250 கிலோ நூல். கிலோ 280 ரூபாய் என்று வைத்தால் 70,000 ரூபாய், நிட்டிங், டையிங் கூலி தனி.

ஒவ்வொரு ஆர்டர் முடிவிலும் நூல் கொஞ்சம் பத்தாமல் போகும். அவசரமாகக் கூடுதல் விலைக்கு வாங்குவார்கள். பழி முழுக்க சாயப்பட்டறை மேல். "எடையில கை வெச்சுட்டாங்க" என்று முதலாளி டையிங் பில்லில் கழிப்பார், அவர்கள் சண்டைக்கு வருவார்கள். இதற்கென்றே வருடாவருடம் ஒரு பஞ்சாயத்து.

இவர் வெறும் சூத்திரத்தை மட்டும் காட்டியிருந்தால் முதலாளி கேட்டிருக்க மாட்டார். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கூலி வேலைக்கு அனுப்புகிற சரக்குக்கு ஐ.டி.சி.-04 என்ற ஜி.எஸ்.டி. படிவம் உண்டு. விற்றுவரவு ஐந்து கோடிக்கு மேலிருந்தால் அரையாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்ய வேண்டும். அதற்காக எந்த டி.சி.யில் (சரக்கோடு போகிற டெலிவரி சலான்) எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ திரும்பியது என்பதை இவர்தான் பட்டியல் போட்டு வைத்திருந்தார். வரித்துறைக்காகப் போட்ட அந்தப் பட்டியலை எடுத்து, ஒரு வருடத்து டையிங் லாட்டுகளைப் பட்டறைவாரியாக வரிசைப்படுத்தினார். இழப்பு எல்லா இடத்திலும் எட்டு சதவீதத்தை ஒட்டியே இருந்தது. யாரும் கை வைக்கவில்லை.

"ஏப்பா, அப்ப இத்தன நாளா டையிங்காரங்களோட மல்லுக்கட்டுனது தண்டமா?" என்றாராம் முதலாளி. கொஞ்ச நேரம் கழித்து, "இது அந்தப் படிப்புல வருதா?"

என் கண்ணில் இந்தச் சம்பவத்தின் எடை இங்கேதான். இன்டரில் அவர் வாங்கிய 74-க்கும் இந்தப் பட்டியலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. வேலையில் தினமும் கை படுகிற ஒன்றைப் பாடத்தில் அடையாளம் கண்டுகொண்ட மாணவர், அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை வேறு மாதிரிப் படிக்கிறார். எங்கள் அலுவலகத்தில் மூன்று வருடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்தும் ஒரு காஸ்டிங் ஷீட்டைக் கண்ணால் பார்க்காமல் போன பசங்க இருக்கிறார்கள். வவுச்சர் டிக் அடித்து, வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போட்டு, செப்டம்பரில் தணிக்கை அறிக்கைகளை அப்லோட் செய்து முடித்துவிடுவார்கள். அவர்களுக்குக் காஸ்டிங் தாள் கடைசி வரைக்கும் வெறும் தாள்தான்.

2023-24: மறுபடியும் சி.ஏ. ஆசை

2023 ஜூலை 1 முதல் சி.ஏ. புதிய பாடத்திட்டம் வந்தது. ஆர்ட்டிகிள்ஷிப் மூன்றிலிருந்து இரண்டு வருடமாகக் குறைந்தது. இன்டரின் இரண்டு குரூப்பையும் முடித்த பிறகுதான் பயிற்சியில் சேர வேண்டும் என்றானது. அதாவது 2021-ல் இவருக்குக் குறுக்கே நின்ற தடை பெரும்பகுதி விலகிவிட்டது. வேலையில் இருந்துகொண்டே இன்டரை முடிக்கலாம். அதற்குள் அவர் சி.எம்.ஏ. இன்டர் முழுவதையும் முடித்து ஃபைனலுக்குப் பதிந்திருந்தார்.

2024 மார்ச்சில் 43பி(எச்) கலவரம். 2023 நிதிச் சட்டம் அன்றைய வருமான வரிச் சட்டத்தில் கொண்டுவந்த பிரிவு அது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் கொடுக்கிற வருடம் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, ஸ்டிச்சிங் என்று ஜாப் ஒர்க்கிலேயே ஓடுகிற ஊர் திருப்பூர், அதுவும் பெரும்பாலும் கடனில். எந்த ஜாப் ஒர்க்கரிடம் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறது, யாருடைய பில் எத்தனை நாள் நிலுவை என்று எல்லாக் கம்பெனிகளிலும் தேடல். இவருடைய கம்பெனியில் மட்டும் அந்தப் பட்டியல் மார்ச் முதல் வாரமே தயார். அதை வைத்துத்தான் எங்கள் அறிக்கையில் அந்தப் பகுதியை நிரப்பினோம். பட்டியல் அவருடையது, கையெழுத்து என்னுடையது.

எங்களிடமே ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு வரச் சொல்லி அப்போது கேட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு தாளில் கணக்கு எழுதிக்கொண்டு வந்தார். அப்போது சம்பளம் 24,000. உதவித்தொகை 4,000 என்று வைத்தால் மாதம் 20,000 இழப்பு, 24 மாதத்துக்கு 4,80,000. பயிற்சி முடிந்து ஃபைனல் எழுதும் வரைக்குமான ஆறு மாதம் சம்பளமே இல்லை, 1,44,000. ஆக 6,24,000, அதுவும் இன்டரும் ஃபைனலும் முதல் முயற்சியிலேயே முடிந்தால். கீழே ஒரு வரி: "கடன் பாக்கி 2,10,000."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சி.ஏ. முடித்தால் பின்னால் சம்பாதித்துவிடலாம் என்று சொல்வது எளிது. வட்டி பின்னால் வராது, மாதாமாதம் வரும்.

காஸ்டிங் ஊரில் காஸ்ட் ஆடிட்டருக்கு ஏன் வேலை இல்லை

ஃபைனல் நடந்துகொண்டிருந்த காலத்தில் அவர் அடிக்கடி கேட்ட கேள்வி இது. கிராம் கணக்கில் லாபம் பார்க்கிற ஊர் திருப்பூர். டாலர் விலை, நூல் விலை, கூலி என மூன்றில் எது அசைந்தாலும் ஷீட்டைத் திருப்பிப் போட வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் காஸ்ட் அக்கவுண்டன்ட் என்று போர்டு மாட்டினவர்கள் ஏன் விரல் விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள்?

விடை 2014-ம் ஆண்டு காஸ்ட் பதிவேடு, தணிக்கை விதிகளில் இருக்கிறது. காஸ்ட் ஆடிட் என்பது கம்பெனிச் சட்டத்தின் 148-ம் பிரிவில் வருவது. எனவே கம்பெனியாகப் பதிவானவற்றுக்கு மட்டும்தான். ஊரில் 'பனியன் கம்பெனி' என்று சொன்னாலும் ஏட்டில் பெரும்பாலானவை கூட்டாண்மை அல்லது தனிநபர் நிறுவனம். அந்த இடத்திலேயே பெரும்பகுதி கழன்றுவிடும். மிஞ்சுகிற பிரைவேட் லிமிடெட்டுகளில், ஜவுளி போன்ற துறைகளுக்கு மொத்த விற்றுவரவு 100 கோடியும், குறிப்பிட்ட பொருளின் விற்றுவரவு 35 கோடியும் தொட்டால்தான் தணிக்கை. இந்த இரண்டையும் தாண்டின பெரிய ஏற்றுமதியாளர்களுக்கு மூன்றாவது வாசல் திறந்திருக்கிறது. வருமானத்தில் 75 சதவீதத்துக்கு மேல் அந்நியச் செலாவணி ஏற்றுமதியில் வந்தால் காஸ்ட் ஆடிட்டிலிருந்து விலக்கு.

சட்டத்தை வகுத்தவர்களுக்கு இதில் நியாயம் உண்டு. காஸ்ட் ஆடிட் உள்நாட்டு விலையை அரசு கவனிப்பதற்காக வந்த ஏற்பாடு, வெளிநாட்டுக்குப் போகிற டி-சர்ட்டின் அடக்கவிலையில் அரசுக்கு அக்கறை குறைவு. ஆனால் அதன் விளைவாக, காஸ்டிங் தெரிந்தவர் இல்லாமல் பிழைக்கவே முடியாத தொழில், அவரைக் கூப்பிட வேண்டிய கட்டாயத்தில் இல்லை. ஆடிட்டரைக் கூப்பிடச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது, ஆகவே ஆடிட்டருக்கு மரியாதை. "டேலி தெரிஞ்ச பையன் இருந்தாப் பத்தாதுங்ளா?" என்று என்னிடம் கேட்காத முதலாளி குறைவு. அவர்களுக்குக் கணக்குக்காரர் என்றால் சட்டத்துக்குப் பதில் சொல்கிறவர், அவ்வளவுதான்.

அந்த டி-சர்ட் கணக்குக்குப் பிறகு இவருடைய கம்பெனியில் சம்பளம் எவ்வளவு ஏறியது தெரியுமா? இரண்டாயிரம்.

இப்போது

2024 டிசம்பர் தேர்வோடு ஃபைனல் முடிந்தது. முதலாளியிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசினார், சரிப்படவில்லை. மனக்கசப்பில்லாமல்தான் விலகினார். நூற்பாலையில் எடுத்த எடுப்பிலேயே இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தார்கள். காரணம் எளிது: அது லிமிடெட் கம்பெனி, விற்றுவரவு வரம்புக்கு மேல், விற்பனை பெரும்பாலும் உள்நாட்டில். காஸ்ட் பதிவேடுகள் வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது, வருடாவருடம் வெளியிலிருந்து காஸ்ட் ஆடிட்டர் வருகிறார். நேர்காணலில் கேட்டதெல்லாம் பஞ்சைச் சுத்தம் செய்யும் புளோரூமில் வரும் வேஸ்ட், கோம்பரில் சீவும்போது கழிகிற நாயில், ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பஞ்சு நூலாகிறது என்பது பற்றித்தான். டி-சர்ட்டில் வகுத்த அதே வகுத்தல்.

என்னிடம் யோசனை கேட்டு வருகிற பிள்ளைகளிடம் இப்போது முதலில் கேட்பது, பத்து வருடம் கழித்து எங்கே உட்கார்ந்திருக்க ஆசை என்பதைத்தான். அவிநாசி ரோட்டில் சொந்தப் போர்டு வேண்டும், நாற்பது ஐம்பது பார்ட்டிகளுக்கு வரிக் கணக்கு, தணிக்கை பார்க்க வேண்டும் என்றால் சி.ஏ.வைத் தவிர வேறு வழி இல்லை, எத்தனை வருடம் ஆனாலும். ஆலைக்குள்ளே, பம்ப் கம்பெனிக்குள்ளே, உற்பத்தி நடக்கிற இடத்தில் உட்கார ஆசை என்றால் சி.எம்.ஏ. போதும், சில இடங்களில் அதுவே மேல். வேலையை விட முடியாத வீடு என்றால் அந்தத் தராசு இன்னும் சாயும். கோயம்புத்தூரில் இதற்கு வாய்ப்பு அதிகம், திருப்பூரில் குறைவு என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தனியாகத் தொழில் தொடங்க அவர் இன்னும் சான்றிதழ் எடுக்கவில்லை. ஜி.எஸ்.டி. வழக்குகளில் பார்ட்டிக்காக அதிகாரி முன் ஆஜராகக் காஸ்ட் அக்கவுண்டன்டுக்கு உரிமை உண்டு. சரக்கிருப்பின் மதிப்பில் சந்தேகம் வந்தால் காஸ்ட் அக்கவுண்டன்டை வைத்து மதிப்பிடச் சொல்ல வருமான வரித்துறைக்கு 2023 நிதிச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. இவை இரண்டையும் மட்டும் நம்பி அலுவலக வாடகை கட்ட முடியுமா என்று போன மாதம் கேட்டார். முடியாது என்றேன். அக்கா கல்யாணக் கடன் இந்தத் தை மாதத்தோடு முடிகிறதாம். அதற்கப்புறம் சி.ஏ. இன்டருக்குப் பதியலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. அப்பா மட்டும் அந்தக் கையெழுத்தை மறக்கவேயில்லை என்கிறார்.